யமுனைக் கரையில் ஒரு வகுப்பு

தில்லியில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து ஜனக்புரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். தமிழ் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் உரக்கவே பேசினார்கள்.

“சாமிப் பூவால என் வேலைக்கே ஆபத்து வந்திருக்குக்கா,” என்றாள் இளையவள்.

“என்னடி செஞ்சே?”

“பிள்ளைங்களை யமுனைக் கரைக்குக் கூட்டிட்டுப் போய்க் குப்பை பொறுக்க வச்சேன். பூஜைப் பூவைப் பாலிதீன் பையோட பாலத்துலேர்ந்து வீசறாங்களே, கரை முழுக்க அதுதான். ‘எங்கம்மாவும் இப்படித்தான் போடுவாங்க மிஸ்’னு ஒரு பொண்ணு சொன்னா. வீட்டுக்குப் போய் அம்மாவையே கண்டிச்சிருக்கா. அந்தம்மா பிரின்சிபல்கிட்ட வந்துட்டாங்க.”

“பிரின்சிபல் என்ன சொன்னாங்க?”

“இனிமே ஆத்தைப் படத்துல காட்டினாப் போதுமாம். மறுபடி போனா வேலை இல்லையாம்.”

“அச்சா, அப்ப விட்டுடு.”

“வர்ற சனிக்கிழமை போறேன். பிள்ளைங்களோட அம்மா அப்பால இஷ்டப்பட்டவங்களும் கூட வர்றாங்க.”

என் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இவளை நான் அனுப்புவேனா என்று எனக்கே தெரியவில்லை.

“நிஜமாவே வேலை போச்சுன்னா?”

“போனா சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாமேக்கா. தினமும் போகலாம்.”