ஸ்விட்சை யார் போடுவது?

மாலை மரியாதை இல்லாமல், மண் தரையையே மன்றமாக்கி, வேலை உடுப்போடு வந்து வீற்றிருக்கும் இந்தப் பேரவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் தொழிற்சங்கத் தலைவர், அண்ணன் தாண்டவராயன் அவர்களே, முழங்கால் வலியை மறந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் அப்பாவு அவர்களே, பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் பிள்ளைகளையும் இடுப்பில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, இருங்காட்டுக்கோட்டை வாடகை அறைகளில் பாயை முறை வைத்துப் பகிர்ந்து படுக்கும் தென்மாவட்டத்துத் தம்பிகளே, ஷிஃப்ட் முடிந்தும் வீடு திரும்பாமல் நிற்கும் என் தோழியரே, சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்து, ஆறிப்போன டீயைக் கையில் ஏந்தியபடி என் பேச்சைக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் நிர்வாகத்தின் நேசமிகு தூதர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம் உரித்தாகுக.

குறிப்பெடுக்கும் தம்பிகளுக்காக நிறுத்தி நிதானமாகவே பேசுகிறேன். பேசுபவள் பெயர் சசிரேகா. கார் இருக்கை செய்யும் நம் தொழிற்சாலையில் தையல் லைனில் வேலை. சங்கத்தின் துணைச் செயலாளர். எழுதிக்கொண்டீர்களா? நல்லது. டீக்கு நம் கணக்கில் ஒரு வடையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? பட்டம் கொடுக்கவா? பாராட்டுவிழா எடுக்கவா? இல்லை. நம் தங்கை பிரவீனா, லைனில் இருக்கும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி, வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறாள். நாளைக் காலை விசாரணை. அவள் செய்த குற்றம் என்ன தெரியுமா? கம்ப்யூட்டரின் ஸ்விட்சைப் போட்டாள்.

சிரிக்காதீர்கள். குற்றப்பத்திரிகையில் அப்படித்தான் இருக்கிறது. சமையல்காரர் அடுப்பைப் பற்றவைத்தது குற்றம், ஓட்டுநர் சாவியைத் திருகியது குற்றம் என்று நாளைக்கு வேறு குற்றப்பத்திரிகைகளும் வரலாம். கேன்டீன்காரர்களே, கம்பெனி பஸ் ஓட்டும் அண்ணன்மார்களே, எதற்கும் தயாராக இருங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். முன்பெல்லாம் புதிய கம்ப்யூட்டர் வந்தால், பெட்டியைப் பிரித்து, ஒருவர் அதன் எதிரில் உட்கார்ந்து, வேண்டிய மென்பொருளை ஒவ்வொன்றாக ஏற்றி, அதற்கொரு பெயர் வைத்து, பூட்டும் சாவியும் போட்டுக் கொடுப்பார். நேரம் பிடிக்கும். இனி அந்த வேலையே வேண்டாம் என்றார் கணினிப் பிரிவின் தலைவர், மேன்மைமிகு ரகுபதி அவர்கள். வயரைச் செருகினால் போதும், ஸ்விட்சைப் போட்டால் போதும், மீதியை எல்லாம் சிஸ்டம் தானே பார்த்துக்கொள்ளும் என்றார். நல்ல ஏற்பாடுதான். தானாக நடக்கும் எதையும் நான் வெறுப்பவள் இல்லை. என் தையல் மெஷின் தானே நூலை அறுக்கிறது. அதனால் என் மணிக்கட்டு பிழைத்தது.

ஆனால் தோழர்களே, தானாக நடக்கும் ஒன்றைத் தயார் செய்தால், தாறுமாறாக நடக்குமா என்று சோதித்துப் பார்க்க வேண்டாமா? சோதித்தார்கள். எப்படிச் சோதித்தார்கள் என்பதைக் கேட்டால் உங்களுக்குப் புல்லரிக்கும்.

குளிரூட்டிய கான்பரன்ஸ் ஹால். மேசையில் பூங்கொத்து. முந்திரி, பிஸ்கட், தண்ணீர் பாட்டில். சங்கத்தின் சார்பில் நானும் போயிருந்தேன், கடைசி நாற்காலியில் எனக்கும் இடம் கொடுத்தார்கள். பெட்டி பிரிக்காத புத்தம் புதிய லேப்டாப் ஒன்று வந்தது. ரகுபதி அவர்கள் ரிப்பனை வெட்டினார். ஆமாம் அம்மா, லேப்டாப்புக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஸ்விட்சைப் போட்டார். திரை சுழன்றது, சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. பின்பு, வருக வருக என்று எழுத்து வந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. சோதனை வெற்றி என்றார்கள். சால்வை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள்.

அடுத்த வாரம் டைரக்டர் வந்தார். அதே லேப்டாப்பைத் துடைத்து, அதே ரிப்பனை வேறு முடிச்சுப் போட்டுக் கட்டி, அதே ஸ்விட்சைப் போட்டுக் காட்டினார்கள். வெளிநாட்டு விருந்தினர் வந்தார். அதே லேப்டாப், அதே ரிப்பன். சோதனை மேல் சோதனை, வெற்றி மேல் வெற்றி. அந்த லேப்டாப்புக்கு வாய் இருந்தால், ஐயா என்னை விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டிருக்கும்.

அந்த வெற்றிக் களிப்பில் இன்னொன்றும் செய்தார்கள். லைனில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் அத்தனையையும் அதே சிஸ்டத்தில் இணைத்தார்கள். இனி எந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்தாலும், அது முதலில் சிஸ்டத்தைத்தான் கேட்கும், நான் என்ன செய்யட்டும் என்று. சரி, இணைத்தீர்கள். இணைத்த பிறகு லைனுக்கு வந்தீர்களா? எண்ணெய் வாசனைக்கு நடுவில் நின்றீர்களா? ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் என்ன ஆகும் என்று பார்த்தீர்களா? ஒரே ஒன்று ஐயா. ஓரமாக இருந்த ஒரே ஒன்று. பார்க்கவில்லை. அங்கே முந்திரி வைக்க மேசை இல்லை அல்லவா?

அப்பாவுப் பெரியவர் கேட்கிறார், அப்போ அன்னிக்கே ஏன் பிரச்சினை வர்லன்னு. நல்ல கேள்வி ஐயா. ஏன் வரவில்லை என்றால், நம் லைன் கம்ப்யூட்டர்கள் எந்த ஷிஃப்டிலும் அணைவதில்லை. இரவும் பகலும் எரிந்துகொண்டேதான் இருக்கும். நமக்கு இல்லாத ஓய்வு அவற்றுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? வருடத்தில் ஒரு நாள்தான் அவை அணைகின்றன. அது எந்த நாள்? சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள்.

ஆயுத பூஜை. ஆமாம்.

லைன் முழுவதையும் கழுவினோம். வாழைக்கன்று கட்டினோம். தையல் மெஷினுக்குச் சந்தனம், ஸ்குரூ டிரைவருக்குக் குங்குமம், கம்ப்யூட்டர் திரைக்கு நெற்றி எது என்று தேடிப் பிடித்து விபூதிப் பட்டை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் பூஜை போட்டோம், என்றைக்கும் அப்படித்தான் போடுகிறோம். பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி உடைத்தவர் யார்? அதே ரகுபதி அவர்கள். படம் நம் வாட்ஸப் குழுவில் இன்னும் இருக்கிறது. பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

விடுமுறை முடிந்து முதல் ஷிஃப்ட். சூப்பர்வைசர் சொன்னார், பிரவீனா, எல்லாத்தையும் ஆன் பண்ணிடும்மா என்று. அவளும் வரிசையாக ஆன் செய்துகொண்டே போனாள். எல்லாத் திரையும் நீலமாயின. எல்லாத் திரையும் சுழன்றன. பின்பு எல்லாத் திரையிலும் எழுத்து வந்தது. என்ன எழுத்து? வருக புதிய ஊழியரே, உங்கள் பணிப் பயணம் இனிதே தொடங்கட்டும், புகைப்படத்துக்குக் கேமராவைப் பார்த்துப் புன்னகைக்கவும்.

இருக்கைக்கு நுரை ஏற்றும் லைனில் நிற்கும் பிரசன்னா என்னிடம் ஓடி வந்தான். "யக்கா, அந்தக் கம்ப்யூட்டராண்ட இத்தினி வருஷமா நின்னுகினு கீறேன், அது என்னையே யாருன்னு கேக்குதுக்கா" என்றான். சிரிச்சுடுடா, போட்டோ எடுத்துக்கட்டும் என்றேன்.

சிரிப்பு அதோடு முடிந்தது. லேபிள் அச்சாகவில்லை. ஸ்கேனர் படிக்கவில்லை. எந்த இருக்கை எந்தக் காருக்கு என்று சொல்ல ஆளில்லை. பழைய கம்ப்யூட்டரில் இருந்த அத்தனையும் துடைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் அலுவலகக் குமாஸ்தாவுக்கு உரிய புதிய கம்ப்யூட்டராகப் புதுப்பிறவி எடுத்து நின்றது. லாரிகள் வரிசைகட்டின. லைன் நின்றது.

சரிசெய்ய வெளியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார், லோகேஷ் என்று பெயர். நல்ல பிள்ளை. கம்ப்யூட்டர்களைப் பழையபடி ஓட வைத்தார், சிஸ்டத்தை மாற்ற மட்டும் அவருக்கு உத்தரவில்லை. லைன் முழுவதும் கேட்க, மறைக்காமல் சொன்னார். "பழசா புதுசான்னு சிஸ்டம் பாக்கலக்கா. எது வந்து கேட்டாலும் புதுசுன்னு நெனச்சு சுத்தமா தொடச்சுடுது. அப்படித்தான் செட் பண்ணி வெச்சிருக்காங்க. யாரு ஆன் பண்ணியிருந்தாலும் இதான் ஆயிருக்கும்."

கேட்டீர்களா? முடிகாணிக்கைக்கு வந்த குழந்தைக்கு மொட்டை போடச் சொல்லி ஓர் ஆளைக் கோயில் வாசலில் உட்கார வைத்தார்கள். அந்த ஆள் தேங்காய் விற்க வந்தவருக்கும் மொட்டை, செருப்பு பார்த்துக்கொள்பவருக்கும் மொட்டை, அர்ச்சகருக்கும் மொட்டை என்று போட்டுத் தள்ளிவிட்டார். குற்றவாளி யார்? வாசல் கதவைத் திறந்துவிட்ட பெண்ணாம். பிடியுங்கள் அவளை.

இதில் ரகுபதி அவர்கள் கண்டுபிடித்த இன்னொரு தத்துவத்தையும் கேளுங்கள். மீட்டிங்கில் சொல்லியிருக்கிறார், தொழிலாளர்களின் மூடப்பழக்கத்தால் வந்த வினை, பூஜை போடாமல் இருந்தால் கம்ப்யூட்டர் அணைந்திருக்காது என்று. ஆகா. அணைக்காமலே இருந்தால்தான் வேலை செய்யும் என்றால், ஐயா, அது கம்ப்யூட்டரா, அடைகாக்கும் கோழியா? கரண்ட் போனால் யாரைச் சஸ்பெண்ட் செய்வீர்கள், மின்வாரியத்தையா? இடி விழுந்தால் யாருக்கு மெமோ, வானத்துக்கா?

பிரவீனாவுக்கு இதெல்லாம் முன்பே தெரியுமா என்று விசாரணையில் கேட்கப் போகிறார்களாம். தெரியாது. தெரிந்திருக்க வேண்டியதும் அவள் வேலை இல்லை. தெரிந்துகொள்வதற்கென்றே சம்பளமும் சால்வையும் வாங்கியவர்கள் வேறு ஆட்கள். பிரவீனா மேதை என்று சொல்ல நான் இந்த மேடை ஏறவில்லை. அவள் சொன்ன வேலையைச் சரியாகச் செய்தவள். அவ்வளவுதான். அது போதாதா?

என்னம்மா, கேட்கவில்லையா? கொஞ்சம் பொறுங்கள், கன்டெய்னர் லாரி போகட்டும்.

இப்போது சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நேற்று மாலை நிர்வாகத்திலிருந்து பிரவீனா வீட்டுக்கு ஆள் போயிருக்கிறது. அவள் அம்மா செல்லம்மாளிடம் இதமாகப் பேசியிருக்கிறார்கள். என் கவனக்குறைவால் நேர்ந்தது என்று உங்க பொண்ணு ஒரு வரி எழுதிக் கொடுத்தா வேலையில தொடரலாம், இல்லாட்டி விசாரணையில வெளிய அனுப்பிடுவாங்க என்று. செல்லம்மாள் அக்கா என்னிடம் வந்து அழுதார். "எழுதிக் குடுத்துட்டா இன்னா சசி, வேலை மிஞ்சும்ல" என்றார். அந்தத் தாயின் பயத்தை நான் பழிக்க மாட்டேன். கவனக்குறைவு என்று வெளியே அனுப்பப்பட்டவளுக்கு, ஒரகடத்திலிருந்து தண்டலம் வரை இந்தச் சாலையில் எந்தக் கேட் திறக்கும்? அவர் சம்பளத்துக்கு மட்டும் அழவில்லை. தன் மகளின் பெயருக்காக அழுதார்.

ஆனால் அக்கா, எழுதிக் கொடுத்தாலும் அதே கதிதான். இன்று உள்ளே இருக்கலாம். அடுத்த முறை அந்த சிஸ்டம் எதைத் துடைத்தாலும், ஏற்கெனவே ஒப்புக்கொண்டவள் ஒருத்தி கைவசம் இருக்கிறாள் என்று அவளிடம்தான் வருவார்கள். அவள் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்வது அவளைக் காப்பாற்ற அல்ல. ரிப்பன் வெட்டியவரைக் காப்பாற்ற.

ஆத்திரத்தில் பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் நாளைக் காலை லைனுக்குப் போய்ப் பாருங்கள். லைன் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றின் ஸ்விட்ச் மேலும் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது. யாரும் அணைக்கக்கூடாது என்று ரகுபதி அவர்களே நின்று ஒட்டச் சொன்ன டேப். பார்த்தீர்களா? பார்த்தோம் என்கிறார்கள் தையல் லைன் தோழியர். அப்படியானால் நான் கேட்கிறேன். குற்றம் பிரவீனாவின் விரலில் இருந்தால், விரலைத்தான் வெளியே அனுப்பிவிட்டீர்களே, பிறகு ஸ்விட்சுக்கு ஏன் டேப்? கவனக்குறைவான பெண் வீட்டில் இருக்கிறாள். கவனம் மிகுந்த கனவான்கள் எல்லோரும் உள்ளே இருக்கிறீர்கள். ஒருவருக்காவது அந்த ஸ்விட்சைத் தொடத் துணிவு உண்டா? உங்கள் குற்றப்பத்திரிகையை நீங்களே நம்பவில்லை. நம்பாத ஒன்றில் ஓர் ஏழைப் பெண்ணின் கையெழுத்தை மட்டும் கேட்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

ஆகவே நாளைய விசாரணையில் சங்கத்தின் சார்பில் வாதம் கிடையாது. வழக்கறிஞர் கிடையாது. ஒரே ஒரு வேண்டுகோள்தான். விசாரணையை ஆபீஸில் வைக்காதீர்கள், லைனில் வையுங்கள். டேப்பை உரியுங்கள். ஒரு கம்ப்யூட்டரை அணையுங்கள். மேன்மைமிகு ரகுபதி அவர்கள் தம் திருக்கரத்தால் ஸ்விட்சைப் போடட்டும். அன்றைக்குச் செய்யாமல் விட்ட சோதனையை நாளைக்காவது செய்யட்டும். கம்ப்யூட்டர் பழையபடி எழுந்தால், பிரவீனா அந்த ஒரு வரியை அங்கேயே எழுதுவாள். புதிய ஊழியரே வருக என்று எழுந்தால், அந்த வரியை எழுத வேண்டியவர் ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே நிற்பார்.

என்ன, யார் அங்கே எழுந்து நிற்பது? செல்லம்மாள் அக்காவா? வழி விடுங்கள். மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள். வேண்டாமா? சரி, அப்படியே சொல்லுங்கள் அக்கா, நான் திருப்பிச் சொல்கிறேன்.

"எம் பொண்ணு எழுதமாட்டா சசி. அவுரையே வந்து போடச் சொல்லு."

கேட்டதா பின்வரிசைக்கு? டீக்கடைக்குக் கேட்டதா? இதைக் குறித்துக்கொள்ளுங்கள் தம்பி. நான் பேசியதில் பாதியை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, அந்த அம்மா சொன்னதில் ஓர் எழுத்தும் குறையாமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், கால் கடுக்க நின்ற உங்களுக்கும், மேடைக்குப் பலகை கொடுத்த பிள்ளைப்பாக்கத்து மக்களுக்கும் நன்றி. நாளைக் காலை முதல் ஷிஃப்டுக்கு எல்லோரும் சீக்கிரமே வந்துவிடுங்கள். வணக்கம்.