பதினான்கு விநாடி மௌனம்

"மாமா, எங்க அப்பா எல்லாரையும் சிரிக்க வைக்கிறாரே, உங்களுக்கு அது பிடிக்குமா, இல்ல எங்க அப்பாவைப் பிடிக்குமா?" என்று டெல்ஃபின் ஒருமுறை என்னைக் கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் சோடாப் பெட்டிமேல் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும்தான் கண்ணு," என்றேன்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லணும்."

அதற்குள் என்னை யாரோ கூப்பிட்டார்கள். நல்லவேளை என்று எழுந்து போய்விட்டேன்.

நீங்கள் கேட்க வந்தது இதை அல்ல. புத்தகம் எழுதுகிறீர்கள், அவள் அப்பா கார்டெல் மேஸ் மேடையில் பேசிப் பதிவான கடைசி இசைத்தட்டில் வரும் அந்தப் பதினான்கு விநாடி மௌனம் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். டேப் ஓடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கார்டெலுக்கு முன்னால் மேடையில் நின்று சிரிக்கவைத்தவர்கள் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு மாமியாரைப் பற்றியே பேசினார்கள். கறுப்பர்கள் வாழும் எங்கள் நாற்பத்தேழாம் தெருவை மேடைக்குக் கொண்டுவந்தவன் கார்டெல்தான். வெள்ளைக்காரர்கள் வீட்டுத் துணிக்கு இஸ்திரி போட்ட தன் அம்மாவை, தன் குடியை, தன் பயத்தை எங்கள் பேச்சிலேயே பேசினான். "போலீஸ்காரன் என்னை நிறுத்தி, 'உன்மேல புகார் இருக்கு'ன்னான். 'யாருங்க குடுத்தது?'ன்னேன். 'இன்னும் குடுக்கல. பொழுது சாயறதுக்குள்ள யாராவது குடுப்பாங்க'ன்னான்." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீலக் கதவு கிளப்பில் எனக்கு வேலை வாங்கித் தந்தவனும் அவன்தான். இறைச்சித் தொழிற்சாலையில் எந்திரம் என் இடக்கை விரல் இரண்டை எடுத்துக்கொண்ட பிறகு என்னை யாரும் சேர்க்கவில்லை. "என் சிநேகிதன் ஓசியாவை வேலைக்கு வையி. இல்லாட்டி நான் மேடை ஏறமாட்டேன்," என்று முதலாளி ப்ரூயிட்டிடம் சொல்லிவிட்டான். அந்தக் கடனை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

எனக்கு வேலை இரண்டு. மேடை ஸ்டூலின்மேல் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைக்க வேண்டும். நேரம் முடிந்ததும் பின்சுவரில் சிவப்பு விளக்கைப் போட வேண்டும். மேடையில் நிற்பவன் அந்த டம்ளரை முகர்ந்து பார்ப்பதில்லை. வைத்தவனை நம்பிக் குடிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சபையில் டீக்கன், போதகருக்குத் துணையாள். இயேசுவின் இராப்போசன ஆராதனைக்குச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவதும் நான்தான். எங்கள் சபையில் ஒயின் கிடையாது, திராட்சைச் சாறுதான். குடியை விட்ட ஒரு சகோதரன்கூட இடறிவிடக் கூடாது என்பதற்காக. ஆகவே குடியை விட்டவனை ஒரு மிடறு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன்.

எழுபத்துநாலாம் வருடம் கார்டெல் இரத்தமாக வாந்தி எடுத்தான். மறுபடி குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொன்னார். அவன் டெல்ஃபினின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். எழுபத்தொரு நாள் தொடவில்லை. அவள் தினமும் ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு காகித நட்சத்திரம் ஒட்டினாள்.

ஆனால் அவனுக்குச் சிரிக்கவைக்க வரவில்லை. வார்த்தைகள் அதேதான், நடுங்கிக்கொண்டே சொன்னான். ஜனங்கள் இருமினார்கள். இசைத்தட்டு கம்பெனிக்காரர்கள் பதிவு செய்ய வந்த வெள்ளிக்கிழமை, அறையில் என்னிடம் கையை நீட்டிக் காட்டினான்.

"பாரு டீக்கனாரே, என் கை தனியா டான்ஸ் ஆடுது. இதுக்கு டிக்கெட் போட்டா கூட்டம் வரும்."

"ஜெபம் பண்ணிக்கோடா."

"நீ பண்ணு. உன் குரல்தான் அங்க வரைக்கும் கேக்கும்."

ஜெபம் பண்ணினேன், உண்மையாகவே. பிறகு அலமாரியில் மெழுகுவர்த்திப் பெட்டிக்குப் பின்னாலிருந்த வோட்காவை எடுத்து டம்ளரில் பாதி ஊற்றினேன். மேலே தண்ணீர். ஒரு துண்டு ஐஸ். அவன் அவமானப்படுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. தாகத்தோடு இருக்கிறவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தவனுக்குப் பலன் உண்டு என்று வேதம் சொல்வது உங்களுக்குத் தெரியும்.

பத்தாவது நிமிடத்தில் ஒரு மிடறு குடித்தான். அப்படியே நின்றான். நீங்கள் கேட்கும் மௌனம் அதுதான். அவன் ஜனங்களைப் பார்க்கவில்லை. பின்சுவரோரம் விளக்கு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தான். அவன் டம்ளரைக் கீழே வைத்திருக்கலாம். நான் விளக்கைப் போட்டு அவனை இறக்கியிருக்கலாம். ஸ்விட்சின் மேல்தான் என் விரல் இருந்தது.

நான் போடவில்லை. அவன் டம்ளரைக் காலி செய்துவிட்டு, "அப்படியா சங்கதி," என்றான். அரங்கம் அதிர்ந்தது. அதன்பிறகு நாற்பது நிமிடம் அவன் பேசியதைத்தான் உலகம் இன்னும் கேட்கிறது.

இன்றைக்கு எங்கள் மேடை ஏறும் பிள்ளைகள் எல்லாரும் அந்த மௌனத்தைக் கண்ணாடி முன் நின்று பழகுகிறார்கள். 'அப்படியா சங்கதி' என்று பனியனில் அச்சடித்துப் போடுகிறார்கள். அதை மேதையின் துணிச்சல் என்று எழுதுகிறார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

அன்றிரவிலிருந்து அவன் நிறுத்தவில்லை. நாற்பத்திரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில், மஞ்சளித்த கண்ணோடு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "நீ வச்ச கிளாஸைப் பத்தி யாருகிட்டயும் சொல்லல, டீக்கனாரே. வேலை போயிடும் உனக்கு." நன்றி சொல்கிறான் என்றே அப்போது எடுத்துக்கொண்டேன். மறுநாள் இறந்தான்.

கடந்த மார்ச்சில் டெல்ஃபின் எங்கள் கிளப்பில் பேச வந்தாள். இருபத்தாறு வயது. இடையில் அவளும் அப்பாவைப்போலக் குடியில் விழுந்து, மீண்டு, ஒரு வருடமாகத் தொடாமல் இருக்கிறாள். முதல் காட்சியில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னறைக்கு வந்து அதே சோடாப் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"செத்தேன் மாமா. பொணத்துக்கு முன்னாடி பேசினாக்கூட ரெண்டு பேராவது அழுவாங்க."

"ரெண்டாவது காட்சி நல்லாப் போகும் கண்ணு."

"கை நடுங்குது, பாருங்க. கொஞ்சம் தண்ணி வையுங்க மாமா. நீங்க வச்சா அப்பா பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும்."

அலமாரியைத் திறந்தேன். மெழுகுவர்த்திப் பெட்டிக்குப் பின்னால் கை தானாகப் போயிற்று. மூடியைத் திருகி, புட்டியின் வாயை டம்ளர் விளிம்பில் வைத்துச் சாய்த்தேன். அவளுக்கு ஒரு நல்ல ராத்திரி கிடைத்துவிடும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது ரெண்டுல ஒண்ணு சொல்லணும் என்று அவள் கேட்டது ஞாபகம் வந்தது.

புட்டியை நிமிர்த்தி மூடினேன். டம்ளரை மூன்று தடவை கழுவினேன். குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்து, நானே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி நிரப்பிக் கொண்டுபோய் ஸ்டூலின்மேல் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. அவள் குடித்தாள், பேசினாள். அப்போதும் யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அழுதிருப்பாள், தூங்கியிருப்பாள். காலையில் எழுந்திருந்தாள்.

கார்டெலை நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு நான் பட்டிருந்த கடன் அந்த ஒரு டம்ளர் தண்ணீரோடு தீர்ந்துவிட்டது என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வோட்காப் புட்டியை மட்டும் இன்னும் கொட்டவில்லை. டெல்ஃபின் மறுபடியும் இங்கே பேச வருவாள். எல்லா இரவும் ஒன்றுபோல இருப்பதில்லை, பிள்ளை பாவம்.