தரை டிக்கெட்டுச் சம்மந்தி

குற்றாலத்தில் சாரல் தூவிக்கொண்டிருந்தது. மெயினருவியில் பெண்கள் வரிசை நகர்வதாயில்லை. எனக்கு முன்னால் நின்ற அம்மாள், நெற்றியில் வழிந்த நல்லெண்ணெயைத் துடைத்தபடி, கூட வந்தவரிடம் சொன்னார்.

“பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையோட அம்மா, நடுவீட்டுல நின்னு ‘தரை டிக்கெட்டு’ன்னாவ மைனி.”

என் காது அங்கேயே போய்விட்டது.

“நம்மளயா சொன்னாவ?”

“அப்படித்தான் நெனச்சேன். தரங்கெட்டவன்னு ஏசுதுக்குத்தான அந்த வார்த்தை?”

“ஆமா. டூரிங் கொட்டாயில பெஞ்சுக்குக் காசில்லாதவங்க மணல்ல உக்காந்தாங்கல்லா, அதுல வந்த ஏச்சு. பெரிய எடம், நம்மள மதிக்க மாட்டாவன்னு அப்பமே பயந்தேன்.”

“கேளுங்க. பக்கத்து வீட்டு சோபாவ இரவல் வாங்கிப் போட்டிருந்தோம்லா? அந்தம்மா அதுல உக்காரல. தரையில சம்மணம் போட்டுக்கிட்டு, ‘நான் இலத்தூர் கொட்டாயில மணலக் குமிச்சு, அதுமேல உக்காந்து படம் பாத்த தரை டிக்கெட்டு. எனக்கு இதுதான் சொகம்’னு சொல்லுதாவ. மாப்பிள்ளையோட அப்பாவும் பக்கத்துலயே உக்காந்துட்டாவ. கேசரியத் தரையிலதான் வச்சுக் கொடுத்தேன்.”

“அப்பாடா!”

“அன்னைக்குத்தான் மைனி நல்லா ஒறங்குனேன்.”

வரிசை நகர்ந்தது. சாரலோடு அருவித் திவலையும் முகத்தில் அடித்தது.

“சோபாவக் கொடுத்தாச்சா?”

“கொடுத்தாச்சு. கறை கிறை பட்டிருக்கான்னு பக்கத்து வீட்டுக்காரி தடவித் தடவிப் பாக்கா. ‘ஒருத்தரும் உக்காரல, எங்க சம்மந்தி தரை டிக்கெட்டு’ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”