தங்லின் நாய்களுக்குச் செய்த பிஸ்கட்

நாய்க்கு வெங்காயம் ஆகாது. எங்கள் தேக்கா வட்டாரத்தில் பாதிப் பேருக்கு இது தெரியாது. மீதிப் பேர் தெரிந்தும் மிச்சக் குழம்பை நாய்க்குத்தான் ஊற்றுகிறார்கள். பூண்டும் ஆகாது. உலர்ந்த திராட்சை, கொக்கோ, வேகவைத்த கோழி எலும்பு எதுவும் ஆகாது. இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நடந்ததை முதலிலிருந்து உன் கையாலேயே எழுது என்று தாளும் பேனாவும் கொடுத்தவர் நீங்கள். எனக்கு முதல் என்பது வெங்காயம்தான்.

என் பெயர் அழகப்பன். பஃபலோ ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பேரம் பேசுகிறவர்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன். கொத்தமல்லி வாங்க வருகிற அம்மாள் படியில் கால் வைக்கிற தினுசைப் பார்த்தே அவள் எங்கே இறங்கி வருவாள் என்று சொல்லிவிடுவேன்.

நாற்பத்தொன்பதில், அதாவது மூன்று வருடம் முன்பு, வெள்ளைக்காரர்கள் குடியிருக்கிற தங்லினிலிருந்து மிசஸ் ஹார்ட்லி என்ற துரைசாணி கடைக்கு வந்தாள். கப்பலில் வருகிற நாய் பிஸ்கட் இந்த ஊர்ப் புழுக்கத்தில் புழு வைத்துவிடுகிறது, நீ வீட்டில் செய்து தருவாயா என்றாள். கடைக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. தருகிறேன் என்றேன். எப்படிச் செய்வது என்பதை அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். ஆட்டு ஈரலை அவித்து, பரங்கிக்காயை மசித்து, கேழ்வரகு மாவும் நொய்யும் சேர்க்க வேண்டும். நெத்திலியை மூன்று தண்ணீரில் உப்புப் போகக் கழுவிக் காயவைத்து இடித்துப் போட வேண்டும். பிறகு தட்டிச் சுட்டால் தீர்ந்தது. ஒவ்வொரு தடவையும் முதல் பிஸ்கட்டைத் துரைசாணி கண்ணெதிரில் நானே கடித்துத் தின்பேன். அவள் சிரித்துவிடுவாள். ஒரே வருடத்தில் தங்லினில் பன்னிரண்டு வீடுகளுக்கு என் பிஸ்கட் போயிற்று. அழகப்பன் செய்தால் பயமில்லை என்று ஒரு துரைசாணி இன்னொருத்திக்குச் சொல்வாளாம். என் அப்பா நாற்பது வருடம் மிளகு விற்றார். அவர் பெயரை எந்தப் பங்களாவிலும் யாரும் சொன்னதில்லை.

இடிப்பதும் சுடுவதும் மருதப்பன் வேலை. என்னைவிட இரண்டு வயது மூத்தவன், பதினொரு வருடமாகக் கடையில் இருந்தான். நல்லவன், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆரம்பத்தில் ஒருநாள் வெங்காயம் நறுக்கிய கத்தியாலேயே ஈரலை வெட்டிவிட்டான். அவன் வலது கைச் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் அம்மிமேல் வைக்கச் சொல்லி இரும்பு உலக்கையால் ஒரு தட்டுத் தட்டினேன். ஒடிந்தன. துணி சுற்றிவிட்டதும் நான்தான். அதற்குப் பிறகு கத்தி மாறியதே இல்லை. கோபத்தில் செய்யவில்லை, ஐயா. கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்கும், குறி தவறும்.

போன மாதம் துரைசாணி தன் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடினாள். பெர்ட்டி என்று பெயர். பக்கத்து பங்களாக்களிலிருந்து ஐந்து நாய்கள் விருந்தாளிகள். பெர்ட்டிக்குக் கொஞ்ச நாளாக வயிறு சரியில்லை, பார்த்துச் செய் என்று அவள் வீட்டுச் சமையல்காரர் ஜமால் முகம்மதுவிடம் சொல்லியனுப்பினாள். வயிறு சரியில்லை என்றால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? கைக்குழந்தைக்கு ஜாதிக்காயைத் தாய்ப்பாலில் உரசி நாக்கில் தடவுவோம். அதையே பிஸ்கட்டில் போடச் சொன்னேன்.

"எத்தனை உரசு முதலாளி?" என்று மருதப்பன் கேட்டான்.

"கைப்பிள்ளைக்குத்தான் ரெண்டு உரசு. இது நாலு கால்ல ஓடுற ஜீவன். அதுவும் ஆறு நாய்லா. உடைஞ்ச காய் ஒரு டப்பா கெடக்கு பாரு, அப்படியே இடிச்சுப் போடு."

"டப்பா முழுசுமா? துரைசாணியோட நாய் புஸ்தகத்துல ஜாதிக்காய் ஆகாதுன்னு போட்டிருக்காம். ஜமால் பாய் சொன்னாரு."

"புஸ்தகம் எழுதினவன் ஜாதிக்காய் வித்திருக்கானா? நான் வித்திருக்கேன். போடு."

போட்டான். அந்தத் தடவை நான் பிஸ்கட்டைக் கடித்துக் காட்டவில்லை. விருந்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. ஜமால் முகம்மது சைக்கிளில் வந்து டின்னை எடுத்துப்போனார்.

பதினோரு மணிக்கு விருந்து. இரண்டு மணிக்கெல்லாம் ஜமால் முகம்மது வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"என்னத்தப் போட்டீங்க முதலாளி? ஆறும் தள்ளாடுது. பெர்ட்டி செவத்துல முட்டி முட்டி விழுந்துச்சு, வாயெல்லாம் நுரை. பிடிக்கப் போன தோட்டக்காரன் கையைக் கவ்விச் சதையைப் பிச்சிருச்சு. வெறி பிடிச்சிருச்சுன்னு பக்கத்து வீட்டு மேஜர் துரை சுட்டுட்டாரு. முத குண்டு தாடையில. ரெண்டாவதுலதான் அடங்குச்சு."

"மத்த அஞ்சும்?"

"கட்டிப் போட்டிருக்கு. ஊரெல்லாம் வெறிநாய்ப் பயம்லா, அஞ்சு மணிக்கு நாய் சுடுற துப்பாக்கிக்காரங்க வர்றாங்க. தீனியிலதான் கோளாறுன்னு செஞ்சவங்க வந்து சொன்னா விட்டுருவாங்க. சமையக்காரன் பேச்சை யாரு கேக்குறா."

நீங்கள் முன்னால் போங்கள், பின்னாலேயே வருகிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். திரும்பிப் பார்த்தால் மருதப்பன் கை கழுவிக்கொண்டு, ஆணியிலிருந்து சட்டையை எடுக்கிறான்.

"நான் போயிட்டு வந்துர்றேன் முதலாளி. நீங்க கடையைப் பாருங்க. ஜாதிக்காய்னு சொல்லிட்டாப் போதும், நாளைக்குத் தெளிஞ்சிரும்."

"யாரு போடச் சொன்னான்னு கேப்பாங்களே."

"கேட்டா சொல்லித்தானே ஆவணும். வேணும்னா செஞ்சீங்க? தெரியாமப் பண்ணதுலா."

"நீயாவே போட்டேன்னு சொல்லேன்."

"சொல்லலாம். மேஜர் துரை என்னையும் சுட்டுருவாரு" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்குப் பொய் வராது முதலாளி. முழியே காட்டிக் குடுத்துரும்" என்றான்.

நான் இறங்கி வந்தேன், ஐயா. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மீன் கெட்டுப்போயிருந்தது என்று சொல் என்றேன். ஆறு மணிக்குமேல் போ என்றேன். உனக்குத் தனிக் கடை வைத்துத் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். அவன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "நாய் என்ன பாவம் பண்ணுச்சு" என்று அதையே திரும்பச் சொன்னான். என் ஆயுளில் நான் பேசிப் படியாத ஆள் அவன் ஒருவன்தான்.

விரல்கள் வளையாததால் சட்டைப் பொத்தான் போட அவனுக்கு நேரம் பிடிக்கும். எனக்கு அந்த நேரம் போதுமானதாக இருந்தது. உலக்கை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. முதல் அடி பின்மண்டையில். விழவில்லை. திரும்பி, வாசலில் யாரோ சாமான் கேட்கிறார்கள் என்று சொல்ல வருகிறவன்போல "முதலாளி" என்றான். இரண்டாவது நெற்றியில் விழுந்தது. அதற்குப் பிறகு படுத்திருந்தவனைத்தான் அடித்தேன். மொத்தம் ஏழு என்கிறீர்கள். டாக்டர் எண்ணியிருப்பார். ஏலக்காய் இடிக்கும்போதும் நான் எண்ணுவதில்லை; சத்தம் மாறியதும் நிறுத்துவேன். அன்றைக்கும் அப்படித்தான் நிறுத்தினேன்.

உண்மையிலேயே வாசலில் ஆள் வந்திருந்தது. சரஸ்வதி அம்மாள், சீரகம் வாங்க. கை கழுவிவிட்டு வந்து நிறுத்துப் போட்டேன். கறிவேப்பிலை கொசுறு.

"என்ன அண்ணே, சட்டையெல்லாம் மிளகாத்தூளா?"

"ஆமாம்மா. இடிக்கிற ஆள் இன்னைக்கு இல்ல, நானே இடிச்சேன்."

அதில் பொய் எதுவும் இல்லை.

அவனைச் சாக்கில் கட்டி மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினேன். இரண்டு நாள் கழித்துப் பக்கத்துக் கடை காதர் மைதீன் மூக்கைப் பொத்திக்கொண்டு உங்களிடம் வந்தது உங்களுக்கே தெரியும். ஆனால் தேக்காவில் வேறொன்றும் பேசிக்கொள்கிறார்களாம். அவனை அரைத்து பிஸ்கட்டில் போடத்தான் வைத்திருந்தேன் என்று. கேட்டதும் மனது கஷ்டப்பட்டது. மருதப்பன் மூன்று வேளையும் பச்சை வெங்காயம் கடிக்கிறவன். அதைப் போய் நாய்க்குக் கொடுப்பேனா?

தங்லினுக்கு நான் போகவில்லை. சொன்னபடி ஐந்து மணிக்குத் துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். இரண்டு நாய்கள் அதற்குள் தெளிந்து, அவர்களைப் பார்த்து வாலாட்டினவாம். ஒரு ஸ்பானியல் கயிற்றோடு தவழ்ந்து வந்து துப்பாக்கிக் குழாயை நக்கியதாம். ஐந்தையும் சுவரோரம் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள் என்று மறுநாள் ஜமால் முகம்மது வந்து அழுதார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். துரைசாணி வெறி என்றே நம்புகிறாளாம். அடுத்து வாங்கப்போகிற குட்டிக்கும் என் பிஸ்கட்தான் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

மருதப்பனைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஜாதிக்காயைப் பற்றி எழுதியிருக்கிற தாளை மட்டும் துரைசாணிக்குக் காட்ட வேண்டாம். அவளுக்கு வீண் வேதனை. என் பண்டத்தின்மேல் குற்றம் சொல்லவும் நியாயமில்லை, ஐயா. ஆறில் ஒன்றுகூட அதைத் தின்று சாகவில்லை. எல்லாமே குண்டடி பட்டுத்தான் செத்தன.