எதுக்க வர ஒரு ஆளு

அதெல்லாம் முடியாதுட்டி. வெள்ளிக்கிழமை பிளேன்னா வெள்ளிக்கிழமைதான். நான் லீவுல வந்த நாள்லருந்து நீயும் அதே பாட்டுதான் பாடுத. ஞாயித்துக்கிழமை வளைகாப்பு முடிஞ்சி போங்கத்த, முடிஞ்சி போங்கத்தன்னு. உனக்கு வளையல் வாங்கத்தான தாராவியிலருந்து தாதருக்கு இந்த வெயில்ல வந்துருக்கேன். வாங்கித் தந்துட்டுப் போறேன். போட்டுவிட ஊர்ல ஆளா இல்ல?

முதல்ல உக்காரு. ஏ பையா, ஸ்டூல் நஹி ஹை க்யா? பேட் மே பச்சா ஹை, திக்தா நஹி? ஆங், ரகோ. பாத்தியா, ஏழு மாசப் பிள்ளத்தாச்சிக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போடணும்னாக்கூட தொண்டத் தண்ணி வத்தக் கத்த வேண்டியிருக்கு. ஏய், யாரு அது இடிக்கது? கண்ணு எங்க இருக்கு, முதுகுலயா? போ, போ. பெரிய ஆபீசரு, டிரெயினுக்கு நேரமாவுதாம்.

எந்தக் கலரு புடிச்சிருக்கு? பச்சையா? எடுத்துக்கோ, செவப்பும் கலந்து எடு. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ கோகிலா. புடிச்சிருக்குன்னு மொகத்துல காட்டாத. இவன் வெல சொல்லுவான், நான் எந்திரிச்சிப் போற மாதிரி நடப்பேன், நீயும் கூட எந்திரிக்கணும். சிரிக்கப்படாது. முந்தாநாள் மாட்டுங்கால பூக்காரிகிட்ட நான் எந்திரிச்சேன், நீ கல்யாண் ஸ்டேஷன்ல வண்டிய விட்டவ மாதிரி அப்படியே நிக்க. அவ ஒரு பைசா எறக்கல. வாஷில பெரிய கம்பெனில வேல பாக்குத, என்னத்தத்தான் படிச்சிக் குடுத்தானுவளோ.

என்னது? அங்க போயி என்னதான் செய்யுதீங்கன்னா? ஏன், உன் வீட்டுக்காரன் சொல்லலியா? அவன் எங்க சொல்லுவான். எங்கம்மா மிலிட்டரில இருக்கான்னு ஆபீஸ் பூரா சொல்லி வச்சிருக்கான் மகேஷு. நான் என்ன துப்பாக்கியா புடிக்கேன்? டீக் கெட்டிலப் புடிக்கேன்.

தெற்கு சூடான்னு ஒரு நாடு, ஆப்பிரிக்கால. அவனுவளுக்குள்ள வெட்டுக்குத்து. நடுவுல நிக்கதுக்கு ஐநா சபைலருந்து நம்ம பட்டாளத்தையும் கூப்புட்டு வச்சிருக்காவ. நீலத் தொப்பி போட்டுருப்பானுவ. அவனுவ முகாமுக்குள்ள ஒரு டீ ரூமு. உக்காந்து நாலு வார்த்த பேச, கேரம் ஆட, வீட்டுக்குப் போன் போட. அத நடத்தத்தான் செம்பூர்ல ஒரு டிரஸ்ட்காரங்க ஆள் அனுப்புதாவ. ரிட்டையர் ஆன கர்னல் ஒருத்தரு நடத்துதாரு. நான் தாராவியில மெஸ் வச்சிருந்தேம்லா, இப்ப மதீனா பீவி பாக்காளே, அங்க ஒரு நாள் அவரு சாப்புட வந்தாரு. மீன் கொழம்பு சரியில்லன்னாரு. நான் பிடிபிடின்னு புடிச்சிட்டேன். மறுநா திரும்ப வந்து, அம்மா, ஒரு வருசம் வெளிநாடு வாரீங்களா, என் பயலுவளுக்கு உங்கள மாதிரி திட்ட ஒரு ஆளு வேணும்னாரு.

சம்பளம் எவ்வளவுன்னேன். சம்பளம் கிடையாது, சேவைன்னாரு. சேவைன்னா எனக்கு மாட்டுங்கா ஐயர் கடையில தேங்காப்பூ போட்டுத் தட்டுல வைப்பானே, அதுதான் தெரியும். என் ஆயுசுல பேரம் பேசாம ஒத்துக்கிட்ட டீலு அது ஒண்ணுதான். சைபர்ல என்னத்தட்டி கொறைக்க?

ஏ பையா, க்யா பாவ் லகாயா? க்யா? சோனே கா ஹை க்யா, சோனே கா? காஞ்ச் ஹை காஞ்ச். கண்ணாடிக்குத் தங்க வெல சொல்லுதான். எந்திரி கோகிலா. எந்திரின்னா எந்திரிக்கணும். ஆ, கூப்புடுதான் பாரு. உக்காரு. தேறிட்ட.

அங்கயும் சந்தைக்கு நான்தான் போவேன். மொத நாளு ஒருத்தி மாம்பழம் வாங்குதா, காலி காலின்னு கத்துதா. என்னடா இது, கூட நெறைய பழம் இருக்கு, இவ காலிங்காளேன்னு பாத்தேன். பொறவுதான் தெரிஞ்சிது, அவுக பாஷையில காலின்னா வெல சாஸ்தின்னு அர்த்தம். ஒரு வருசம்னு போனவ, அந்த ஒரு வார்த்தைய வச்சே ரெண்டு வருசத்த ஓட்டிட்டேன். நான் சந்தைக்குள்ள நுழைஞ்சாலே பொம்பளைங்க, காலி வந்துட்டா காலி வந்துட்டான்னு சிரிப்பாளுவ.

கஷ்டமா? கஷ்டம்னு இல்ல. மழ வந்தா சேறு, முழங்கால் வரைக்கும் புடிச்சி இழுக்கும். படுக்க ஒரு டப்பா ரூம், லாரில ஏத்துவானுவளே அந்த இரும்புப் பெட்டி, அதுக்குள்ள கட்டிலு. அந்த அமைதிதான் எனக்கு ஆவாது. மகேஷுக்குப் போன் போடுவேன். நீ பேச வேண்டாம்டா, போனக் கொண்டு போயி ஜன்னல்ல வைன்னுவேன். தண்ணி டாங்கர்கிட்ட கொடத்துக்குச் சண்ட போடுவாளுவள்லா, கொஞ்ச நேரம் அதக் கேட்டுட்டு வச்சிருவேன். ஒரு நாளு எதுத்த வீட்டு ஜெபசெல்வி வரிசையில பூந்துட்டான்னு சத்தம் கேக்கு. நான் சூடான்லருந்து சத்தம் போட்டேன், ஏ ஜெபா, பின்னால போன்னு. அவ பயந்து போயி கொடத்தக் கீழ போட்டுட்டாளாம்.

சிரி, சிரி. இப்ப சிரிக்கலாம், வெல முடிஞ்சிட்டு.

திரும்பப் போயே தீரணுமான்னா, ஆமா, போயே தீரணும். அங்க ரோந்து கெளம்பணும்லா? நான் இல்லாம எப்படிக் கெளம்புவானுவ? அட, வண்டி ஓட்டதுக்கு இல்லட்டி. எதுக்க வாரதுக்கு. இரு, முழுசாச் சொல்லுதேன்.

தெனம் விடியக்காலம் வெள்ள வண்டி நாலஞ்சி கேட்டத் தாண்டிப் போவும். காட்டுப் பாத, எங்க குண்டு பொதைச்சிருக்கான்னு எவனுக்கும் தெரியாது. நான் போன புதுசு. கெட்டிலத் தூக்கிக்கிட்டு டீ குடுக்க வேகமா வாரேன், கரெக்டா மொத வண்டி கெளம்புது, நான் நேரா அதுக்கு எதுக்க நிக்கேன். கெட்டிலோட அப்படியே பின்னால நகந்தேன். மகேஷ் அப்பா போயி அம்புட்டு வருசம் ஆச்சி. நான் தாராவியில ஒருத்தரு வெளிய கெளம்பையில எதுக்க போனது கிடையாது. யாராவது செருப்பு மாட்டுத சத்தம் கேட்டாலே உள்ள போயிருவேன். அது ஒரு பழக்கம், யாரும் சொல்ல வேண்டாம், காலே தன்னால திரும்பிரும். நீகூட கேட்டியே, காலையில நான் ஆபீஸ் போகையில மட்டும் அத்த பாத்ரூம்ல இருக்காங்களேன்னு. அதான்.

அன்னைக்கு அந்த வண்டி கேட்டத் தாண்டுன ஒடனே சேத்துல மாட்டிக்கிட்டு. எல்லாரும் எறங்கித் தள்ளுதானுவ. என்னாலதான்னு நான் முடிவு கட்டிட்டேன். அதுக்குப் பொறவு தெனமும் கெட்டில மேசையில வச்சிட்டு தண்ணித் தொட்டிக்குப் பின்னால போயி நின்னுக்கிடுவேன். என்னைய மௌசின்னுதான் கூப்புடுவானுவ, சித்தின்னு அர்த்தம். மௌசி கோவத்துல இருக்கான்னு பயலுவ பேசிக்கிட்டானுவ.

வெயிலுமுத்துன்னு ஒரு டிரைவரு, நம்ம சங்கரன்கோயில் பக்கத்துப் பய. அவன் கண்டுபுடிச்சிட்டான். என்னக்கா, தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சி நிக்கீய, கடன்காரன் வாரானான்னான். நான் விசயத்தச் சொன்னேன். எக்கா, மண்ணுக்குள்ள கெடக்க குண்டுக்கு உங்க கழுத்துல தாலி இருக்கா இல்லியான்னு எப்படித் தெரியும்னான். தெரியுதோ தெரியலியோ, நீ போயி வண்டிய எடுலன்னேன்.

சவத்துப்பய, நேரா மேஜர்கிட்ட போயிச் சொல்லிட்டான். மேஜரு பஞ்சாபி. என்னையக் கூப்புட்டு நிறுத்தி வச்சிக் கேக்காரு, நீங்க எதுக்க வரக்கூடாதுன்னு யாரு போட்ட ஆர்டருன்னு. வெயிலுமுத்து சொல்லுதான், யாரும் போடல சாப், ஊர்ல எப்பவும் அப்படித்தான்னு. எழுத்துல இருக்கான்னாரு. இல்ல சாப். அப்போ கேன்சல்னுட்டாரு. நாளையிலருந்து கேட்டுல நின்னு ஒவ்வொருத்தன் கையிலயும் கிளாசக் குடுத்து அனுப்பணும், இது ஆர்டருன்னாரு.

எங்க வம்சத்துல ஒருத்தராலயும் ஆவாதத ஒரு பஞ்சாபி நின்ன எடத்துல கேன்சல்னுட்டான்.

ஆர்டருன்னா என்ன செய்ய? நின்னேன். மொத நாளு வண்டி திரும்பி வார வரைக்கும் வயித்துல பச்சத்தண்ணி எறங்கல. வந்துட்டானுவ. மறுநாளும் போனானுவ, வந்தானுவ. ஒருக்கா ஒரு வண்டி வெள்ளத்துல மாட்டிக்கிட்டு, போன எடம் தெரியல. நான் கேட்ட விட்டு அசையல. கடைசில அதுவும் வந்துட்டு. என்னாலன்னு நான் சொல்லல. வண்டி நல்ல வண்டி. ஆனா இப்ப என்னாச்சின்னா, நான் கேட்டுல வந்து நிக்காம ஒருத்தன் சாவியப் போட மாட்டேங்கான். மௌசி கிதர் ஹை, மௌசி எங்கன்னு ஆரன் அடிப்பானுவ. காய்ச்சல்ல கெடந்த அன்னைக்கு ஸ்டூலப் போட்டு போர்வையோட உக்கார வச்சிட்டானுவ.

இப்பவும் பாரு, லீவுல வந்துருக்கேன், தெனம் ஒருத்தன் வாட்சப்புல கேக்கான், மௌசி கப் ஆயேகி, எப்ப வருவன்னு.

க்யா? க்யா போலா து? மேரே கோ? நஹி, நஹி. மேரே கோ நஹி சாஹியே. சுப்சாப் பேக்கிங் கர்.

கேட்டியா இவன? ரெண்டு டஜன் எடுத்ததுக்கு எனக்கு ஒரு ஜோடி சும்மா தாரானாம், போட்டுக்கோங்க அம்மாங்கான். வெல சாஸ்தின்னா திட்டலாம், சும்மா தாரவன என்ன சொல்லித் திட்ட?

என்னையப் பாக்காத. வளையலப் பாரு. விரிசல் இருக்கான்னு ஒவ்வொண்ணா பாரு.

...சரி, கேக்கப் போறது தெரியுது. நீ கேக்காட்டாலும் உங்க அம்மா கேப்பாவ. பெத்த மவன் கல்யாணத்துக்கு வராம யாரோ பெத்த பயலுவளுக்கு டீ ஆத்துனவ, இப்ப மருமவ வளைகாப்புக்கும் நிக்க மாட்டேங்காளேன்னு.

கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டாச்சி கோகிலா. லீவும் கெடச்சாச்சி. உனக்குன்னு அந்தச் சந்தையில ஒரு பாசிமாலை வாங்கி வச்சிருந்தேன், அதுவும் பெட்டிக்குள்ள போயாச்சி. அப்பதான் கொழுந்தன் கணேசபாண்டியன் போன் பண்ணாரு. நல்ல மனுசன், குத்தம் சொல்லப்படாது. அண்ணன் போன பொறவு உன் வீட்டுக்காரன் படிப்புக்கு நின்னவரு. மதினி, கட்டாயம் வாங்கன்னாரு. மண்டபத்துல சமையல்கட்டப் பாக்க நம்பிக்கையான ஆளு இல்ல, நீங்க நின்னா எனக்குத் தெம்புன்னாரு. மேடைப் பக்கம் மட்டும் வர வேண்டாம் மதினி, மணமேடைக்குப் போகையில பிள்ளைய எதுக்க நின்னுராதீங்கன்னாரு. கோவமாச் சொல்லல. கெஞ்சுத மாதிரிதான் சொன்னாரு.

நான் சரின்னேன். மழ, பிளேன் கெளம்பலன்னு பொறவு சொல்லி விட்டுட்டேன். இங்க உனக்கு முகூர்த்தம், அங்க அப்பந்தான் விடியுது. ரோந்து கெளம்புது. கெட்டிலத் தூக்கிக்கிட்டு கேட்டுல போயி நின்னேன். வெயிலுமுத்து வண்டியவிட்டு எறங்கி, எக்கா, இன்னைக்கு மவன் கல்யாணம்லா, நீங்க போகலியான்னான். டீயக் குடில, ஆறுதுன்னேன்.

மகேஷுக்குத் தெரியாது. தெரிஞ்சா சித்தப்பாகிட்ட சண்டைக்குப் போவான். சண்ட போட வீட்டுக்கு நான் ஒருத்தி போதும்.

இப்ப நான் வந்து எறங்குன அன்னைக்கும் கொழுந்தன் வந்தாரு. ஞாயித்துக்கிழமை பாயசம் உங்க பொறுப்பு மதினி, உங்க கைப்பக்குவம் வேற யாருக்கும் வராதுன்னாரு. அதான் வெள்ளிக்கிழமை பிளேனு.

கண்ணத் தொடச்சிக்கோ. கடக்காரன் பாக்கான், திரும்ப வெலைய ஏத்திருவான்.

சரி, ஒரே ரேட்டு சொல்லுதேன். ஞாயித்துக்கிழமை நான் இருக்கணும்னா, மொத வளையல் நான் போடுவேன். மேடையில, எல்லாரும் பாக்க, உனக்கு நேரா எதுக்க உக்காந்து. ரெண்டாவதா போடுங்க, உள்ளறையில போடுங்க, கூட்டம் போன பொறவு போடுங்கன்னு கொறைக்கக் கூடாது. நான் எறங்க மாட்டேன். புடிச்சிருந்தா சொல்லு, இல்லேன்னா நான் எந்திரிச்சிப் போயிட்டே இருக்கேன். இந்தத் தடவ நெசமாவே போயிருவேன்.

என்ன செய்யுத? போன ஏன் எடுக்க? மகேஷுக்கா? வேண்டாம்னு சொல்லுதேன்லா. இல்லியா? பொறவு யாருக்கு?

கொழுந்தனுக்கா?

ஏட்டி, வேண்டாம். வீட்டுக்குப் போயிப் பையப் பேசிக்கிடலாம். நடு மார்க்கெட்டுட்டி இது. இங்க பாரு, இவன் பேக்கிங்க நிறுத்திட்டு வேடிக்க பாக்கான். ஏ பையா, தேக் க்யா ரஹா ஹை, காகஜ் லபேட்.

எடுத்துட்டாரா? ஸ்பீக்கர்ல போடாத.

சரி, போடு. பேசு. நான் வாயத் தொறக்கல.