மந்திரவாதிக்கு ஒரு விதி

எனக்கு டைப்பிங்கில் பிழை வராது. திண்டிவனத்தில் என் இன்ஸ்டிடியூட்டில் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே, மீரா சாகிப் பாய், நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் மூன்று விண்ணப்பங்களிலும் உள்ள பிழையைத் தற்செயல் என்று நான் சொல்லப்போவதில்லை.

எண்பத்து மூன்றில் நீங்கள்தான் துபாயிலிருந்து உங்கள் தங்கை மகன் அப்துல் கரீமுக்கு அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தீர்கள். ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டி, கதைக்குள் சண்டை போடும் ஆட்டம். ஆங்கில விதிகளைத் தமிழில் டைப் செய்தவன் நான். அதனால் நானே நடுவர். கோட்டக்குப்பத்திலிருந்து வரும் கரீம் மந்திரவாதி. கிளியனூர் பச்சைமுத்து போர்வீரன். ஞாயிறு மதியம் மெஷின்களுக்கு உறை போட்டுவிட்டு இன்ஸ்டிடியூட்டிலேயே உட்காருவோம்.

போகப்போக ஆட்டம் ஒரு பக்கம் சாய்ந்தது. வளர்ந்த மந்திரவாதி ஒரு வார்த்தையில் ஒரு படையை எரித்துவிடுவான். வீரன் வெட்டினால் ஒரு தலை.

"பொழுதுக்கும் கத்திய வீசிக்கினு கெடக்கிறேன், கரீம் பாய் ஒரு வார்த்தையில முடிச்சிட்றாரு. கொல்லையில மல்லாட்டைச் செடியாவது புடுங்கியிருப்பேன் சார்" என்றான் பச்சைமுத்து.

"பேஜாரு பண்ணாத மச்சான். கத்திய எங்கிட்ட குடு, மந்திரத்த நீ படி" என்றான் கரீம்.

"படிப்பு வந்திருந்தா நான் ஏன் மம்மட்டி புடிக்கிறேன்?"

ஒரு விதி சேர்த்தேன். ஒவ்வொரு மந்திரத்துக்கும் பகடை உருட்ட வேண்டும்; ஒன்று விழுந்தால் மந்திரம் பலிக்காது. இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு நீங்கள் கரீமுக்கு துபாயில் வேலை பார்த்துவைத்தீர்கள். உங்கள் ஒரு கடிதம் போதுமாக இருந்தது. அதே மாதம் பச்சைமுத்து பட்டாளத்து ஆளெடுப்பில் மூன்றாவது முறையாக ஓடித் தேறாமல் திரும்பி வந்தான். வெளியிலும் அதே கோளாறு. விதி என்றால் எல்லா இடத்துக்கும் பொருந்த வேண்டும்.

கரீமின் விசா விண்ணப்பத்தை டைப் செய்துவிட்டுப் பகடையை உருட்டினேன். ஒன்று விழுந்தது. உங்களுக்குத் தபாலில் போகும் மேல்தாளில், பாஸ்போர்ட் எண்ணின் கடைசி இலக்கத்தை பிளேடால் சுரண்டி வேறொன்று அடித்தேன். அவனிடம் கொடுத்த கார்பன் நகல் சரியாகவே இருந்தது. ஒவ்வொரு முறை தள்ளுபடியானபோதும் அந்த நகலை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு, புதிதாக டைப் செய்ய என்னிடமே வந்தான். மேல்தாளும் நகலும் இன்றைக்குத்தான் ஒரே மேசைக்கு வந்திருக்கின்றன.

மூன்றாவது தடவைக்குப் பிறகு அவன் பொறுக்கவில்லை. பம்பாயில் ஒரு ஏஜெண்டைப் பிடித்துக் கள்ள லாஞ்சில் ஏறினான். லாஞ்சு கரை சேரவில்லை. அதில் ஏறச் சொன்னது நான் அல்ல.

துக்கம் விசாரிக்கப் போனேன். உங்கள் தங்கை அசன் பீவி அந்த நகல்களை எடுத்துக் காட்டினார். "உன் வேலையில ஒரு தப்பு இல்ல தம்பி. எங்க நசீபு" என்றார். நகல்களை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

போலீசிலும் இதையே சொல்வேன். கரீம்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவன் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நின்றுவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. முடிவெடுத்தது பகடை. மூன்று விண்ணப்பத்துக்கும் ஒன்றுதான் விழுந்தது.

விழும்வரை உருட்டினேன்.