மடையடியில் கண்டது

— சாறிய மாத்திக்கிட்டு வா றாஹிலா. பத்து மணிக்கு நாம பொலிசில நிக்கணும்.

— நான் வரல்ல காக்கா. நீங்களும் போகவேணாம்.

— என்ன கதை கதைக்காய் தங்கச்சி நீ? பெத்த புள்ளய மையவாடியில அடக்கி இண்டைக்கு நாலு நாள். மூணாங் கத்தமும் ஓதியாச்சி. அவன மௌத்தாக்கினவன் கைய வீசிக்கிட்டு ஊருக்குள்ள திரியிறான். பெத்த உம்மா நீ வந்து ஒரு வார்த்த சென்னாத்தான் அவங்க எழுதுவாங்க. விளங்கிச்சா?

— முகம்மது தம்பி மௌத்தாக்கல்ல.

— பின்ன ஆரு? உன்ட மகன் ஷரிபுதீன் மோட்டச்சைக்கிள் ஓடினான். முகம்மது தம்பி பின்னால இருந்தான். ரெண்டு பேரும் வாய்க்கால் கட்டால விழுந்தாங்க. என்ட மருமகன்ட தல மடைக் கொங்கிறீற்றில அடிபட்டிச்சி. மத்தவன் தண்ணிக்குள்ள விழுந்து, முழங்கைத் தோல் உரிஞ்சத்தோட எழும்பி வாறான். எழும்பி வரக்குள்ள ஹெல்மட் ஆர்ர கையில இருந்திச்சி? செல்லு பாப்பம்.

— அவன்ட கையிலதான்.

— ஆ! அதத்தான் நானும் செல்றன். ஓடிப்போற சைக்கிள்ள பின்னால இருந்துக்கிட்டு இழுத்துப் பறிச்சிரிக்கான், நாசமாப் போவான். பொடியனுகளுக்கு அது பகிடி. பறிச்ச இழுவையில சைக்கிள் சறுக்கிரிச்சி. விளங்கிச்சா?

— அந்தப் பொடியனுகள் எத்தினயோ பகிடி பண்ணினானுகள் காக்கா. வாய்க்கால் கட்டில ஏழெட்டுச் சைக்கிள் ஓடும், ஒருத்தன்ட தலையிலயும் ஒண்டும் இராது. என்ட மகன் மட்டும் போட்டிருப்பான். சட்டித்தலையன் எண்டு பட்டம் வெச்சானுகள். அதுக்கும் அவன் கழட்டல்ல.

— மச்சான் சவூதியில வெயில்ல வெந்து, லீவில வந்த ஆள்ர கையில குடுத்தனுப்பின சாமான். எப்படிக் கழட்டுவான்?

— கடிதத்திலயும் எழுதியிருந்தாரே. ‘மகன், இது போடாம ஏறினாய் எண்டு கேள்விப்பட்டா அடுத்த நாளே சைக்கிள வித்துப்போடுவன்’ எண்டு. அந்த மனிசனுக்கு இன்னும் தந்தி போய்ச் சேந்திச்சோ என்னவோ, என்ட அல்லாஹ்.

— அழாத. அழுறதுக்குள்ள செய்யிற வேலையச் செய்வம். எழும்பு.

— காக்கா, ஒண்டு கேக்கன். பறிச்சத்த நீங்க கண்டீங்களா?

— நான் மடையடியில மறுபக்கம் பாத்துக்கிட்டு நிண்டன். சத்தம் கேட்டுத்தான் திரும்பின.

— அப்ப பொலிசில என்னெண்டு செல்லப் போறீங்க?

— பறிச்சத்தக் கண்டன் எண்டு செல்லுவன்.

— காணாதத்தயா?

— கண்ட மாதிரித்தான். வேற என்ன நடந்திரிக்கும்? ஒரு உசிருக்கு ஆராவது பதில் செல்லணும்தானே றாஹிலா!

— பழி ஓரிடம் பாவம் ஓரிடமா? அவன்ட உம்மா ஹப்ஸா புரிசன் இல்லாம தறியில குந்தி வளத்த ஒத்த ஆம்புளப் புள்ள அது. பதினேழு வயசி. அவனப் புடிச்சி மறியல்ல போட்டா அவ தறிக்குழிக்குள்ளயே செத்துப் போவா. என்ட வயிறு எரியிறது காணாதா? இன்னொரு உம்மாட வயிறும் எரியணுமா?

— உனக்கு ஏன் அவன்ல இவ்வளவு எரக்கம்? உன்ட புள்ளக்கி எரக்கப்படு.

— முந்தநாள் அவன் பின்வேலியால வந்தான். ‘மாமி’ எண்டு என்ட கால்ல விழுந்தான். நடந்த எல்லாத்தயும் சென்னான்.

— பொய் செல்லிரிப்பான்.

— பொய் எண்டா அவன் ஊருக்கே செல்லித் தப்பியிருப்பான். செல்லாத எண்டு நான்தான் குர்ஆன்ல கைய வெக்க வெச்சி சத்தியம் வாங்கின. அதாலதான் ஊரு காறித் துப்பியும் வாயத் தொறக்காம இரிக்கான்.

— சத்தியம் வாங்கின? ஆருக்காக?

— உங்களுக்காக காக்கா.

— எனக்கா? எனக்கென்ன?

— இருங்க. நிண்டுக்கிட்டுக் கேக்க வேணாம், அந்தக் கதிரையில இருங்க.

— செல்லு நீ. நேரம் போகுது.

— போன போகம் நெல்லுச் சூடடிக்கக்குள்ள, வயலுக்குத் தண்ணி விடுற வட்டவிதான நீங்க மடையடியில பத்துப் பேரோட நிண்டீங்க. ஷரிபுதீன் ஹெல்மட்டோட உங்களத் தாண்டிப் போனான். மறிச்சி என்ன கேட்டீங்க? ‘வட்டவிதான நிக்கிற இடத்தில நரச்ச கெழவனுகளே தலப்பாவ அவுத்துக் கக்கத்தில வெக்கானுகள். நீ ஆருடா, தலையில சட்டியக் கவுத்துக்கிட்டு ராசா மாதிரி போறாய்?’ அத்தின பேரும் சிரிச்சாங்களாம்.

— மரியாத படிக்கட்டும் எண்டு கேட்டன். நான் மாமன் கேக்காம ஆரு கேக்கிற? வரம்பில விதானைக்கு முன்னால தலையத் தொறக்கிறது நம்மட வாப்பா காலத்து வழக்கம்.

— அண்டைக்கு ராவு அவன் சோறு திங்கல்ல. ‘உம்மா, வாப்பா போடச் செல்றாரு, மாமா கழட்டச் செல்றாரு. நான் ஆர்ர சொல்லக் கேக்க?’ எண்டான். நானும் ஒரு பைத்தியக்காரி. ‘றோட்டால போகக்குள்ள போடு மகன், வயல் வட்டைக்குள்ள மாமாவக் கண்டா மட்டும் கழட்டு’ எண்டு சென்னன். என்ட நாக்கால சென்னன் காக்கா. அதுக்கு எந்தப் பொலிசில போய் எழுத?

— றாஹிலா…

— விழுந்த அண்டைக்கும் தூரத்தில உங்களக் கண்டிரிக்கான். ‘மாமா நிக்காருடா’ எண்டு ஒரு கைய வுட்டுட்டு பட்டியக் கழட்டி, பின்னால நீட்டியிரிக்கான். முகம்மது தம்பி பறிக்கல்ல, குடுத்தத்த வாங்கினான். சூறாவளி உடச்ச கட்டு, மூணு வருசமா ஒரு கூட மண் போட ஆளில்ல, ஒத்தக் கையால அந்த ஈரத்தில சைக்கிள் நிக்குமா? அவ்வளவுதான் நடந்திச்சி. இனிப் போறண்டா போங்க. காணாதத்தக் கண்டன் எண்டு செல்லுங்க. நானும் பொறத்தால வந்து இதச் செல்லுவன்.

— அந்தக் கதிரைய இஞ்சால இழு, இருக்கணும்.

— காக்கா? ஏன் இப்பிடிப் பாக்கீங்க? குடிக்க எல்லுப்போல தண்ணி தரட்டா?

— வேணாம்.

— உங்கள நோவிக்கச் செல்லல்ல. அந்தப் புள்ளய வுட்டுருங்க, அவ்வளவுதான் நான் கேக்கிற. நீங்க மறுபக்கம் பாத்துக்கிட்டு நிண்ட ஆள், உங்களுக்கு இது எப்பிடித் தெரியும்? எல்லாம் அல்லாட நாட்டம்.

— நான் மறுபக்கம் பாக்கல்ல றாஹிலா. அவன் கழட்டினத்த இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தன். பாத்துட்டு, ‘இப்பதான்டா நீ என்ட மருமகன்’ எண்டு மனசுக்குள்ள சந்தோசப்பட்டுக்கிட்டு நிண்டன்.